பூண்டுலோயாவின் 480 பேர்: உலகம் படித்த முரசுகள், நாம் படிக்காத பாடம்

போன கிழமை எமது பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வீடு வந்திருந்தார். பேராதனையில் பல் வைத்தியம் படிக்கிறார். அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“சேர், நீங்கள் எங்களுக்கு மலையக வரலாறு எல்லாம் படிப்பிச்சனீங்கள். டன்சினன் தோட்டத்துக் கதையை மட்டும் ஏன் சொல்லேல்லை?”

எந்தக் கதை என்று கேட்டோம். முரசு நோயைப் பற்றி உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் “இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் ஆய்வு” என்ற பாடத்தைத் தாண்டிப் போக முடியாதாம். தான் அதைப் படித்தபோது பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்துக்கொண்டு, “உங்கட ஆக்கள்தானே” என்றாராம். அந்த ஆட்கள் யார் என்று தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றார் தம்பி.

வெட்கமாக இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பிக்கும் எமக்கும் அது தெரியாது. அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் இது எங்கள் ஒவ்வொருவருடைய வாய்க்குள்ளும் இருக்கும் விசயம்.

வயது போனால் பல்லுப் போகுமா?

எங்கள் வீடுகளில் உம்மம்மா, வாப்பப்பா எல்லோரும் சொல்வது ஒன்றுதான். வயது போனால் பல்லு ஆடும், பிறகு விழும், அது இயற்கை. வெளிநாடுகளிலும் வைத்தியர்கள் பலர் அறுபது வருடத்துக்கு முன்பு வரை கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பை அசைத்தவர் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டவர். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அவரும் அவரது குழுவும் செய்த சோதனை 1965 இல் வெளிவந்தது. முரசு நல்ல சுகமாக இருந்த 12 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அதில் பெரும்பாலானோர் பல் வைத்திய மாணவர்கள். பல் தீட்டுவதை நிறுத்துங்கள் என்றார்கள். அவ்வளவுதான் சோதனை.

10 நாளிலிருந்து 21 நாளைக்குள் 12 பேருக்கும் முரசு சிவந்து வீங்கியது. திரும்பவும் தீட்டத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு கிழமையில் சுகமாகியது. பல்லில் நாளாந்தம் படியும் அந்த மெல்லிய படலமும் அதற்குள் வாழும் கிருமிகளும்தான் முரசு வீக்கத்துக்குக் காரணம் என்பது தெளிவானது. அவர்கள் எல்லோரும் இளம் ஆட்கள். வயதுக்கு அதில் பங்கே இருக்கவில்லை.

ஆனால் அடுத்த கேள்விக்கு அந்தச் சோதனை பதில் சொல்லாது. வீக்கத்தை ஒருவர் கவனிக்காமல் பத்து வருடம், இருபது வருடம் விட்டால் என்ன ஆகும்? இதை மாணவர்களை வைத்துப் பார்க்க முடியாது. பல் தீட்டும் பழக்கமே இல்லாத, பல் வைத்தியரையே காணாத மனிதர்கள் ஒரே இடத்தில் நீண்ட காலம் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களை அவர்கள் கண்டது எங்கள் நாட்டில்.

1970, பூண்டுலோயா

நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹெரோ என்று அருகருகே இரண்டு தேயிலைத் தோட்டங்கள். 1970 இல் அங்கு வேலை செய்த 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதித்தார்கள். வயது ஏறக்குறைய 14 இலிருந்து 30 வரை. மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் விட்டு, பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானம் எவ்வளவு தூரம் கழன்றிருக்கிறது என்று அளந்து எழுதினார்கள்.

அதே ஆட்களை 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்னொரு கூட்டம் ஒஸ்லோ நகரில் இருந்தது. 1969 இல் தெரிந்தெடுக்கப்பட்ட 565 மாணவர்களும் கல்விமான்களும். சிறு வயதிலிருந்தே ஒழுங்கான பற்பராமரிப்புப் பெற்றவர்கள்.

நாற்பது வயதை நெருங்கும்போது ஒஸ்லோக்காரர் சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றர் அளவு பிடிமானத்தை இழந்திருந்தார்கள். எங்கள் தோட்டத்து மனிதர்கள் நாலரை மில்லிமீற்றர். மூன்று மடங்கு.

உலகத்தை உண்மையில் யோசிக்க வைத்தது 1986 இல் வந்த கட்டுரை. தோட்டத்து ஆட்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பல்லில் ஊத்தை இருந்தது, கல்லுப் போல இறுகிய காரை இருந்தது, முரசும் வீங்கியிருந்தது. அப்படியானால் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பல் விழ வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. அவர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள்.

நூற்றுக்கு 8 பேருக்கு நோய் ஓட்டமாக ஓடியது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதாகும்போது வாயில் பல்லே இல்லை. நூற்றுக்கு 81 பேருக்கு அது நடையாக நடந்தது. முப்பதுக்குப் பிறகு ஒவ்வொன்றாக விழத் தொடங்கியது. மீதி 11 பேருக்கு முரசு வீங்கியே இருந்தாலும் அதைத் தாண்டி நோய் போகவில்லை. பல்லும் விழவில்லை.

35 வயதில் எடுத்த அளவைப் பாருங்கள். முதல் கூட்டத்துக்கு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் இழப்பு, இரண்டாம் கூட்டத்துக்கு 4, மூன்றாம் கூட்டத்துக்கு 1 மில்லிமீற்றரும் இல்லை. ஒரே வயது, ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே சாப்பாடு. ஊத்தை படிவதோடு அவரவர் உடம்பு அந்தக் கிருமிக்கு எப்படி எதிர்த்து நிற்கிறது என்பதும் சேர்ந்துதான் நோயின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் இதற்குப் பிறகு வலுப்பெற்றது. இன்று உலக அளவில் பல் வைத்தியர்கள் பின்பற்றும் 2018 ஆம் ஆண்டு வகைப்பாட்டில் முரசு நோயை மெதுவானது, நடுத்தரமானது, வேகமானது என்று மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். பூண்டுலோயாவில் கண்ட மூன்று கூட்டங்கள் வாசிப்பவருக்கு உடனே நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மனிதர்களின் பல்லில் சூத்தை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சூத்தை இல்லாத, பார்வைக்கு முழுசான பற்கள். முரசு விட்டுவிட்டதால் மட்டும் விழுந்தன. “எனக்குச் சூத்தை ஒன்றும் இல்லை, பல்லு நல்லம்” என்று சொல்லிக்கொண்டு திரியும் எங்கள் எல்லோருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

அவர்கள் யார்?

தம்பியிடம் நண்பர் கேட்டதற்கான பதில் இனித்தான்.

ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பெயர் “இலங்கைத் தொழிலாளர்”. 1970 இல் அந்தப் பெயரே ஒரு வேடிக்கை. ஏனென்றால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை இலங்கையர் அல்ல என்று சொன்னது இந்த நாட்டின் சட்டம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுப்பது என்று மனிதர்களைப் பங்கு பிரித்தது. மீதி 150,000 பேரின் பங்கீடு 1974 வரை இழுபட்டது.

அளவுக் கம்பியோடு ஆய்வாளர்கள் வந்து போன அதே வருடங்களில் மலையகத்தில் என்ன நடந்தது என்று அடுக்கிப் பாருங்கள். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பட்டினி. 1975 இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையானது. 1977 இல் வன்முறை, பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடி வந்தது. இந்தியாவுக்கு ரயிலும் கப்பலும் ஏறியவர்கள். பிறகு 1983.

ஆய்வின் அட்டவணையில் 1970 இல் 480 பேர். 1985 இல் 161 பேர். சுவிற்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களோடு ஒரு குழு 2010 இல் திரும்பவும் போய்த் தேடியபோது சோதிக்கக் கிடைத்தவர்கள் 75 பேர். நாற்பது வருடத்தில் அவர்கள் சராசரியாக 13 பற்களை இழந்திருந்தார்கள். ஒருவருடைய வாயில் ஒரு பல்லும் விழவில்லை, இன்னொருவர் 28 பல்லையும் இழந்திருந்தார்.

மற்றொன்று. 480 பேரும் ஆண்கள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிய பெண்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

கணக்கில் ஓர் எண்ணாக இருப்பது எப்படி என்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 ஒக்ரோபர் 30 இல் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறியவர்கள் நாங்கள். புத்தளத்து முகாம்களில் எத்தனை படிவம் நிரப்பினோம், எத்தனை பட்டியலில் பெயர் எழுதினோம். எழுதிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலால் என்ன தெரிய வந்தது என்று திரும்பி வந்து சொன்னார்கள்? அதனால்தான் இந்தத் தோட்டத்துக் கதை எமக்கு வெறும் வைத்தியக் கதையாகப் படவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்த ஆய்வாளர்கள் நோயைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. தோட்டத்தில் பல் வைத்தியம் எட்டாமல் இருந்ததற்குக் கம்பனிகளும் அரசுமே பொறுப்பு. ஆனால் இந்த ஆய்வின் பெறுமதியே சிகிச்சை கிடைக்காத மனிதர்களில்தான் இருந்தது என்பதைக் கட்டுரைகளே சொல்கின்றன. தடுப்பும் பராமரிப்பும் பெறாதவர்கள் என்று அவர்களை அறிமுகப்படுத்துகின்றன. அப்படிக் கிடைத்த அறிவால் உலகம் முழுவதும் எத்தனையோ கோடிப் பற்கள் காப்பாற்றப்படுகின்றன. கொடுத்தவர்களுக்கு என்ன திரும்பிப் போனது என்ற கேள்வியை ஒரு வரலாற்று ஆசிரியர் கேட்காமல் விட முடியாது.

மானிப்பாயில் ஒரு காலம்

அறிவைத் திருப்பிக் கொடுப்பது என்றால் முதலில் அதை அந்த மக்களின் மொழியில் கொடுக்க வேண்டும். இதைச் செய்து காட்டிய மண் எங்கள் மண்தான்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார், இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். 1864 அளவில் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். இனி வைத்தியக் கல்வி தமிழில். ஆங்கிலத்தில் படித்தவர் நல்ல சம்பளம் தேடி ஊரை விட்டுப் போய்விடுகிறார், தமிழில் படித்தவர் கிராமத்தில் நிற்பார் என்பது அவர் கண்ட உண்மை. இரண வைத்தியம் 1867 இல், மனுஷ அங்காதிபாதம் 1872 இல், கெமிஸ்தம் 1875 இல் என்று புத்தகங்கள் அச்சேறின. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் தமிழிலேயே வைத்தியம் கற்று வெளியேறினார்கள். தன்னுடைய கல்லறையில் தமிழருக்கான வைத்திய ஊழியர் என்று பொறிக்கச் சொன்ன மனிதர் அவர்.

அந்த வழி நீளவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு 1978 இல் மருத்துவ பீடம் வந்தது. பல் வைத்தியம் படிக்க எங்கள் பிள்ளைகள் இன்றும் வெளியூருக்குத்தான் போக வேண்டும். பட்டம் எடுத்த பிறகும் பல் வைத்தியர்கள் தொடர்ந்து படிக்கிறார்கள். முரசு நோய்ச் சிகிச்சை, செயற்கைப் பல் பொருத்துதல், அதைச் சுற்றியுள்ள முரசைப் பேணுதல் என்று செயலமர்வுகள் நடக்கின்றன. நல்ல விசயம். அந்த அறிவு வைத்தியரோடு நின்றுவிடாமல் கதிரையில் வாயைத் திறந்துகொண்டிருப்பவருக்கும் தமிழில் வந்து சேர வேண்டும். மானிப்பாய்ப் பாடம் அதுதான்.

எங்கள் வாயில்

யாழ்ப்பாணம் புகையிலைக்குப் பேர் போன இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து திருவிதாங்கூருக்குப் போன புகையிலைதான் எத்தனையோ வீடுகளைக் கட்டியது. விற்றதோடு நிற்காமல் நாங்களும் வாயில் போட்டோம். வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று மூத்தவர்கள் மென்றார்கள். இப்போது பிள்ளைகள் கையில் பீடாவும் மாவாவும். புகையிலை முரசை எவ்வளவு கெடுக்கும் என்பது ஒரு பக்கம். பாக்கு தனியாகவே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் முடிவு சொல்லிவிட்டது. சிகரெட் புகைப்பவருக்கு இன்னொரு ஏமாற்று உண்டு. நோய் உள்ளே ஓடினாலும் முரசில் இரத்தம் குறைவாகவே கசியும். அதனால் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

நல்ல பழக்கமும் எங்களிடம் இருந்தது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்கள் அயலவர்கள். ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்காமல் விட்டது எமக்குச் சிரமமாகிவிடும் என்ற இரக்கத்தால் மட்டும்தான் என்று நபிகளார் (ஸல்) சொன்னதை நாம் சிறுவயதிலேயே மதரஸாவில் படித்தோம். மிஸ்வாக் எடுக்கும் உகாய் மரம் மன்னார், யாழ்ப்பாணம் போன்ற வறண்ட கரையோரங்களிலும் வளர்கிறது. ஆனால் குச்சியோ பிரஷோ, பல்லின் முன்பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கினால் போதாது. முரசும் பல்லும் சேரும் ஓரத்தில், உட்பக்கத்தில், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் படியும் படலத்தை எடுக்க வேண்டும். நோய் தொடங்குவது அங்கேதான்.

இனி, வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் இங்கே கேட்கும் விசயம்: விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டேனியம் திருகாணி வைத்துப் பொருத்தும் பல். சுவீடனின் பிரோனெமார்க் என்ற பேராசிரியர் 1965 இல் முதல் நோயாளிக்குச் செய்த முறை அது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் “அது இரும்புதானே, இனி ஒன்றும் செய்யாது” என்று நினைப்பவர்கள் அதிகம்.

சொந்தப் பல்லில் முரசின் நார்கள் வேருக்குள்ளேயே குத்தி நின்று பிடித்திருக்கும். திருகாணிக்கு அப்படி இல்லை. நார்கள் பக்கத்தில் ஒட்டிப் படுத்திருக்கும், அவ்வளவுதான். அங்கே இரத்த ஓட்டமும் குறைவு. கிருமி உள்ளே இறங்கினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையலாம். 1994 இல் லோவின் பழைய சோதனையைப் போலவே, செயற்கைப் பல் வைத்த 20 பேரை மூன்று கிழமை சுத்தம் செய்யாமல் விட்டுப் பார்த்தார்கள். சொந்தப் பல்லைச் சுற்றி வந்த அதே வீக்கம் செயற்கைப் பல்லைச் சுற்றியும் வந்தது. முரசு நோயால் பல் இழந்த ஒருவர் நோயைச் சுகப்படுத்தாமல் லட்சக்கணக்கில் செலவழித்துத் திருகாணி வைத்தால், பழைய நோய் புதிய பல்லையும் தேடி வரும். முதலில் முரசு, பிறகுதான் திருகாணி.

அப்ப என்ன செய்வது?

பல் தீட்டும்போது இரத்தம் வந்தால் தீட்டுவதை நிறுத்தாதீர்கள். பலர் செய்யும் பிழை அதுதான். மென்மையாக, ஓரம் வரை தீட்டுங்கள். இரண்டு கிழமையில் நிற்காவிட்டால் பல் வைத்தியரிடம் போங்கள். காரையைச் சுரண்டினால் பல்லு ஆடத் தொடங்கும் என்ற பயம் வேண்டாம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை ஒட்டிப் பிடித்திருந்ததால் அப்படித் தோன்றும். முரசுக்குக் கீழேயும் வேரைச் சுத்தம் செய்து, சில மாதத்தில் திரும்ப அளந்து பார்ப்பார்கள். பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சையே தேவைப்படாது.

முப்பது வயதுக்காரர்கள் கட்டாயம் ஒரு தடவை முரசை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்து ஆட்களின் நாற்பது வருடக் கணக்கு சொல்வது இதைத்தான்: முப்பது வயதில் பிடிமான இழப்பு இரண்டு மில்லிமீற்றரை எட்டாதவர்களுக்கே அறுபதிலும் இருபது பல்லாவது வாயில் நிற்கும் வாய்ப்பு அதிகம். நீங்கள் அந்த 8 பேரில் ஒருவரா, 81 பேரில் ஒருவரா என்பது கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. நீரிழிவு உள்ளவர்கள் இரட்டைக் கவனம் எடுங்கள். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவது கஷ்டம்.

புத்தளத்து முகாமில் எமது உம்மம்மா பல் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்து, “ஊரில இருந்திருந்தா விழுந்திருக்காது” என்பார். நாங்கள் சிரிப்போம். இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்திருக்கிறது. தண்ணீருக்கே வரிசையில் நின்ற இடத்தில் யார் பல்லைப் பார்த்தார்கள்?

தம்பிக்கு நாம் கொடுத்த பதில் இதுதான்: அவர்கள் எங்கட ஆக்கள்தான். அடுத்த தவணையில் மலையக வரலாறு படிப்பிக்கும்போது பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பக்கத்தில் இந்த 480 பேரையும் கரும்பலகையில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். பாடம் முடிய, பல் தீட்டும்போது யாருக்கு இரத்தம் வருகிறது என்று வகுப்பில் கை உயர்த்தச் சொல்லியும் கேட்போம்.

வாசிக்கும் பல் வைத்தியர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள். பூண்டுலோயாப் பக்கம் உறவுகள் உள்ளவர்கள், அந்த நாளில் வெள்ளைக்காரர் வந்து பல்லை அளந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். அந்த 480 பேரின் பக்கத்துக் கதையை இனியாவது அவர்களின் வாயால் கேட்போம்.